மூவாயிரம் வெள்ளியும் ஒரு 555 நோட்டும்

(சங்கத்தின் பொன்விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கத் தலைவர் அவர்களே, பொன்விழாக் குழுவினரே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, மகளிர் பிரிவுத் தாய்மார்களே, லாத்தாமார்களே, என் வயது நண்பர்களே, பின்வரிசையில் கைத்தொலைபேசியில் பந்தாட்ட ஸ்கோர் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிமார்களே!

எனக்குக் கொடுத்திருப்பது பதினைந்து நிமிடம். தலைப்பு "சமூக அமைப்புகளுக்குச் சிறு மானியங்கள்: நிதிக்கல்வியில் நம் அனுபவம்" என்று நிகழ்ச்சிநிரலில் அச்சாகியிருக்கிறது. பெரிய தலைப்பு. நான் ஆய்வாளன் அல்ல. பலதுறைத் தொழிற்கல்லூரியில் டிப்ளோமா முடித்துவிட்டு வாப்பாவின் கடையில் உட்கார்ந்தவன். ஜுப்பா, தலைத்துண்டு, தொழுகை விரிப்பு விற்கிறவன். அதனால் நடந்ததைச் சொல்கிறேன். அதிலிருந்து சங்கத்திடம் ஒரு கோரிக்கையும் வைக்கப்போகிறேன்.

முதலில் என் கதை. இதை இந்த மேடையில் சொல்லலாமா என்று என் மனைவியிடம் கேட்டேன். "சொல்லுங்க, நான்தான் அன்னிக்கே அழுது முடிச்சிட்டேனே" என்றார். அவர் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார்.

2019 நோன்புக்குச் சரக்கு எடுக்கக் கையில் காசு போதவில்லை. உரிமம் பெற்ற கடன் கொடுப்போர் ஒருவரிடம் போய் 5,000 வெள்ளி வாங்கினேன். ஆ லோங் அல்ல, முறையான கடை, முறையான ஒப்பந்தம், எல்லாம் சட்டப்படிதான். சட்டம் என்ன சொல்கிறது? வட்டி மாதத்துக்கு 4 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது. நிர்வாகக் கட்டணமாகக் கடன் தொகையில் 10 விழுக்காடு வரை முன்கூட்டியே பிடிக்கலாம். தவணை தவறினால் மாதம் 60 வெள்ளி வரை தாமதக் கட்டணம், தவறிய தொகைக்குத் தாமத வட்டி தனி. "நாலு விழுக்காடுதானே, பேங்க் கிரெடிட் கார்டே இருபத்தைந்துக்கு மேல் போகிறதே" என்று நினைத்தேன். அது ஆண்டுக்கு, இது மாதத்துக்கு என்று மூளைக்கு எட்டவில்லை. டிப்ளோமாவில் எனக்குப் புள்ளிவிவரப் பாடம் இருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

கையில் வந்தது 4,500. ஆறு மாதத் தவணை, மாதம் 954 வெள்ளி. பெருநாள் முடிந்தபோது சரக்கில் மூன்றில் ஒரு பங்கு அப்படியே கிடந்தது. மூன்றாம் தவணை கட்ட முடியாமல் இன்னோர் இடத்தில் கடன். அதை அடைக்க மச்சானிடம் கைமாற்று. இப்படியே ஓடி 2020 வந்தது. ஏப்ரல் 7ஆம் தேதி நோய்ப்பரவல் முறியடிப்புத் திட்டம் தொடங்கியது. கடை மூடியாயிற்று. அந்த ஆண்டு கேலாங் சிராய் நோன்புச் சந்தையும் கிடையாது. மூட்டை மூட்டையாகச் சரக்கு வீட்டு ஹாலில். பிள்ளைகள் அதன்மேல் ஏறி விளையாடினார்கள்.

அப்போது நம் சங்கத்துப் பெரியவர் ஒருவர் போன் செய்தார். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார். யார் அவரிடம் சொன்னார்களோ தெரியாது. "எவ்வளவு தம்பி?" என்றார். சொன்னேன். 6,000 வெள்ளி, வட்டியில்லாக் கடன், மாதம் 300 வீதம் இருபது மாதத்தில் திருப்பித் தந்தால் போதும் என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த வார்த்தை: "ஒரு தாளில் எழுதி, ரெண்டு பேர் சாட்சிக் கையெழுத்து வாங்கி வை."

எனக்குச் சுருக்கென்றது. இவ்வளவு காலம் பழகியும் நம்பிக்கை இல்லையா என்று தோன்றியது. அவருக்கு அது புரிந்திருக்க வேண்டும். "கோபப்படாதே. குர்ஆனிலேயே ஆக நீளமான வசனம் எதைப் பற்றித் தெரியுமா? பகரா அத்தியாயம், 282. கடனை எழுதி வைப்பதைப் பற்றி. தொழுகையைப் பற்றியோ நோன்பைப் பற்றியோ இல்லை, கடன் சீட்டைப் பற்றி" என்றார். சிறு வயதில் மதரஸாவில் ஓதிய வசனம்தான். ஓதத் தெரிந்தது, அதில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

அந்தக் கடனை 2022இல் அடைத்து முடித்தேன். தாளைக் கிழிக்காமல் வைத்திருக்கிறேன். நிதிக்கல்வி வகுப்பு என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது.

யோசித்துப் பாருங்கள், நம் ஆட்களுக்குப் பணக்கணக்கு புதிதா? சேஞ்ச் அலியில் நாணயமாற்று வியாபாரம் செய்தவர்கள் நம் பாட்டன்மார். எந்த நாட்டுக் காசு இன்றைக்கு என்ன விலை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். ஊருக்கு உண்டியலில் பணம் அனுப்பியவர்கள், ஒரு காசு குறைந்தாலும் கண்டுபிடிப்பார்கள். ஆனால் வீட்டுக் கணக்கு என்று வரும்போது? கடை கல்லாவும் வீட்டுச் செலவும் ஒரே டப்பா. மனைவிக்குக் கடன் தெரியாது. பிள்ளைகளுக்குச் சேமிப்பு தெரியாது. நான் என் வாப்பாவிடம் இப்படித்தான் கற்றேன். அவர் அவருடைய வாப்பாவிடம்.

நாட்டில் நிதிக்கல்விக்குக் குறைவில்லை. மணிசென்ஸ் என்ற தேசியத் திட்டம் 2003இலிருந்து இருக்கிறது. 2012இல் சிங்கப்பூர் பலதுறைத் தொழிற்கல்லூரியோடு சேர்ந்து ஒரு நிதிக்கல்விக் கழகமும் தொடங்கினார்கள். இலவசப் பேச்சுகள், நல்ல பேச்சுகள். நானே இரண்டுக்குப் போயிருக்கிறேன். ஆனால் அங்கே என் மாமி வரமாட்டார். வந்தாலும் கேள்வி கேட்கமாட்டார். கேட்டாலும், அவர் கேட்க நினைத்த கேள்வியைக் கேட்கமாட்டார். அவருடைய கேள்வி, "என் மருமகனுக்கு என் நகையை அடகு வைத்துக் கொடுத்தேன், எப்படித் திருப்பிக் கேட்பது?" என்பது. அதை வெளியாள் முன்னால் கேட்பாரா?

அங்கேதான் சிறு மானியத்துக்கு வேலை வருகிறது. சமூகக் குழுக்களுக்குச் சில ஆயிரம் வெள்ளி கொடுக்கும் திட்டங்கள் இங்கே பல உண்டு. இளையர்களுக்கு யங் சேஞ்ச்மேக்கர்ஸ் மானியம் இருக்கிறது. 2016இல் "நமது சிங்கப்பூர் நிதி" வந்தது. தனியார் அறக்கட்டளைகளும் உண்டு. நாங்கள் வாங்கியது இவற்றில் பெயர் சொன்ன இரண்டும் அல்ல. எங்களுக்குக் கொடுத்தவர்கள் பெயர் இந்த உரைக்குத் தேவையில்லை.

விண்ணப்பப் படிவம் பதினோரு பக்கம். நானும் இளைஞர் பிரிவுத் தம்பிகள் இருவரும் மூன்று இரவு உட்கார்ந்து நிரப்பினோம். 3,600 வெள்ளி கேட்டோம், 3,000 கொடுத்தார்கள். எதை வெட்டினார்கள் தெரியுமா? தேநீரில் 100. வகுப்பு நடக்கும்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளுக்கு என்று எழுதியிருந்த 500, முழுதாக. பயிற்றுநர் கட்டணத்தில் கை வைக்கவில்லை, சுவரொட்டியில் கை வைக்கவில்லை. நம் வீட்டுப் பெண்கள் மக்ரிப்புக்குப் பிறகு வகுப்புக்கு வரவேண்டுமென்றால் முதல் கேள்வி "பிள்ளையை யார் பார்ப்பது?" என்பதுதான். பயிற்றுநர் இல்லாமல்கூட வகுப்பு நடக்கும். பிள்ளை பார்க்க ஆள் இல்லாவிட்டால் நடக்காது. கடைசியில் நம் சங்கத்து உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் நான்கு பேர் முறைவைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அவர்களை நான் இந்த மேடைக்கு அழைத்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் இந்தப் பணம் முன்கூட்டி வராது. நீங்கள் செலவழிக்க வேண்டும், ரசீது காட்ட வேண்டும், பிறகு திரும்பக் கிடைக்கும். கையில் காசில்லாத குழுவுக்கு இது பெரிய சோதனை. நமக்குச் சங்கத்துப் பொருளாளர் முன்பணம் கொடுத்தார். நாங்கள் செலவு செய்தது 2,310 வெள்ளி. ரசீது காட்ட முடிந்தது 2,123 வெள்ளி 60 காசுக்கு. மீதி 186 வெள்ளி 40 காசுக்கு ரசீது இல்லை, அச்சுக்கடைத் தாள் ஒன்று என் சட்டைப் பையோடு துவைத்துப்போயிற்று. கணக்கு வைக்கச் சொல்லிக்கொடுக்கும் வகுப்புக்கே கணக்குத் தாள் தொலைந்தது. அதை நான் என் கையிலிருந்து கட்டினேன். பொருளாளர் இன்றும் என்னைப் பார்த்தால் "சட்டையைத் துவைச்சாச்சா?" என்கிறார்.

இனி வகுப்பு. முதல் நாள் 19 பேர். நல்ல பயிற்றுநர், சுறுசுறுப்பானவர், திரையில் அழகழகான படங்கள். முதலீட்டைப் பல இடத்தில் பிரித்துப் போடுவது பற்றி ஒரு மணி நேரம் பேசினார். தலையாட்டிக்கொண்டே இருந்தார்கள். இரண்டாம் வாரம் 7 பேர். பயிற்றுநர் மேல் தவறில்லை. மாதக் கடைசியில் மின்சாரக் கட்டணத்துக்குக் காசு தேடுகிறவரிடம் முதலீட்டைப் பற்றிப் பேசச் சொன்னது நாங்கள்தான். மரியாதையாக அவரிடம் பேசி, மீதி இரண்டு வகுப்பை நிறுத்திக்கொண்டோம். அந்த 600 வெள்ளியை நாங்கள் மானியத்திலிருந்து எடுக்கவேயில்லை.

மூன்றாம் வாரம் பாடம் நடத்தியவர் ஒரு லாத்தா. வீட்டிலிருந்தே இடியப்பமும் வட்டிலப்பமும் செய்து கொடுப்பவர். உங்களில் பாதிப் பேர் அவரிடம் வாங்கியிருப்பீர்கள். "எனக்கு என்ன தெரியும், நான் என்ன பேசுறது?" என்று கையைப் பிசைந்தார். "உங்க நோட்டை மட்டும் எடுத்துட்டு வாங்க லாத்தா" என்றேன். கொண்டுவந்தார். சின்ன 555 நோட்டு. மளிகைக் கடையில் பற்று எழுதுவார்களே, அதே நோட்டு. ஒரு பக்கம் மாவு, தேங்காய், முட்டை, கேஸ். ஒரு பக்கம் வந்த காசு. ஒரு பக்கம் வரவேண்டிய காசு, ஆள் பெயரோடு. (அதைப் படிக்கச் சொல்லி எல்லாரும் கேட்டார்கள், அவர் மூடிக்கொண்டார்.) கடைசிப் பக்கத்தில் "என் கூலி" என்று ஒரு கணக்கு. தனக்குத் தானே ஒரு நாளைக்கு இவ்வளவு என்று எழுதி எடுத்துக்கொள்கிறார். அதற்கு மேல் தொடுவதில்லை.

பதிமூன்று ஆண்டு வியாபாரம் செய்த நான் அன்றைக்கு வெட்கப்பட்டேன். அந்த மாதத்திலிருந்து கடையிலிருந்து எனக்கு மாதம் 1,800 வெள்ளி சம்பளம். அவ்வளவுதான். கல்லாவில் எவ்வளவு இருந்தாலும் அது கடையின் காசு.

நான்காம் வாரம் 12 பேர். அந்த வாரம் கடன் பாடம், நான் எடுத்தேன். ஒரு பெரியவர் எழுந்து, "தம்பி, சங்கத்தில் வட்டிக் கணக்கு சொல்லிக்கொடுப்பதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. "அதில் எப்படி விழுகிறோம் என்று காட்டத்தான் மாமா" என்றேன். ஒரு பெட்டி பேரீச்சம்பழம் எடுத்து 50 பழத்தை மேசையில் அடுக்கினேன். ஒரு பழம் 100 வெள்ளி. இது என் 5,000 கடன். கட்டணம் என்று 5 பழத்தை முதலிலேயே எடுத்துத் தனியாக வைத்தேன். மீதி 45 பழத்தை ஒரு மாமியின் கையில் கொடுத்தேன். பிறகு மாதம் ஒன்பதரைப் பழம் வீதம் ஆறு மாதத்துக்குத் திரும்ப வாங்கினேன். 57 பழம் ஆயிற்று. கைக்கு வந்தது 45, போனது 57, அதுவும் ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டினால். பக்கத்து மேசையிலிருந்து பழம் கடன் வாங்கித்தான் அந்த மாமி எனக்குக் கட்டி முடித்தார். "இப்படித்தான் என் மகன்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு மீதியைச் சொன்னார்.

அந்தக் கதையை நான் சொல்லப்போவதில்லை. அவரையும் மகனையும் கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் என்ற கடன் ஆலோசனை அமைப்புக்கு அனுப்பினோம், நானும் கூடப் போனேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நமக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. யாரிடம் அனுப்ப வேண்டும் என்று தெரிந்தால் போதும். மோசடி அழைப்பா என்று சந்தேகமா, 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு எண் இருக்கிறது. அதைக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டி வைக்கச் சொன்னோம்.

ஏழாம் வாரம் மத்திய சேம நிதி. இதைக் கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் இந்த மண்டபத்திலேயே பலருக்கு இது தெரியாது. உயில் எழுதிவிட்டேன், எல்லாம் அதில் அடங்கும் என்று நினைக்கிறோம். மசே நிதிப் பணம் உயிலுக்குள் வராது. அதற்குத் தனியாக வாரிசு நியமனம் செய்ய வேண்டும், இரண்டு சாட்சிகளோடு. நியமனம் இல்லாமல் ஒருவர் வஃபாத்தானால் அந்தப் பணம் பொது அறங்காவலர் அலுவலகத்துக்குப் போகும். முஸ்லிம்களுக்கு ஷரியா நீதிமன்றத்தின் வாரிசுச் சான்றிதழை வைத்து ஃபராயிள்படி பங்கிடுவார்கள். அதற்குக் கட்டணமும் உண்டு, காலமும் ஆகும். இன்னொன்று: திருமணம் செய்தால் அதற்கு முன் செய்த நியமனம் தானாக ரத்தாகிவிடும். மணவிலக்கு ஆனால் ரத்தாகாது! இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரு நானா கையைத் தலையில் வைத்துக்கொண்டார். இளவயதில் உம்மா பெயரில் எழுதியிருக்கிறார். பிறகு திருமணமாகி மூன்று பிள்ளைகள். எழுதியாயிற்று என்று இருபது ஆண்டாக நிம்மதியாக இருந்தவர். நியமனத்தை மார்க்கப்படி எப்படிச் செய்வது என்பதற்கு அன்று ஓர் உஸ்தாதை அழைத்திருந்தோம். அதை அவர்தான் விளக்கினார், நான் வாய் திறக்கவில்லை.

பத்து வாரம் முடிந்தது. மொத்தம் வந்தவர்கள் 23 பேர். கடைசிவரை இருந்தவர்கள் 14.

இப்போது சங்கடமான இடத்துக்கு வருகிறேன். விண்ணப்பத்தில் "எத்தனை பேர் பயனடைவார்கள்?" என்ற கட்டத்தில் 100 என்று எழுதியிருந்தோம். ஏன் 100? வட்டமான எண், பார்க்க நன்றாக இருந்தது. இறுதி அறிக்கை எழுதும் நாள் வந்தபோது செயற்குழுவில் சிலர், "துண்டறிக்கை வாங்கியவர்களையும் சேர்த்துக்கொள். நோன்பு திறப்புக்கு வந்தவர்களிடம் ஐந்து நிமிடம் பேசினாயே, அவர்களையும் சேர். நூறு தாண்டும். சங்கத்தின் பெயர் இருக்கிறதல்லவா?" என்றார்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றும் சொன்னார்கள். அது உண்மையோ என்னவோ.

இரண்டு நாள் எனக்குத் தூக்கமில்லை. பிறகு 23 என்று எழுதினேன். 14 பேர் கடைசிவரை என்று எழுதினேன். அவர்களில் ஒன்பது பேர் இன்றும் நோட்டு எழுதுகிறார்கள், ஆறு பேர் வாரிசு நியமனம் முடித்தார்கள், ஒரு குடும்பம் கடன் ஆலோசனைக்குப் போனது என்று எழுதினேன். மாதக்கணக்கைக் கூட்டிக் காட்டாதீர்கள் என்று பத்து வாரம் சொல்லிவிட்டு, ஆள்கணக்கைக் கூட்டி எழுதக் கை வரவில்லை.

மானியம் கொடுத்தவர்கள் அறிக்கையை ஏற்று, காசையும் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு வேறோர் இடத்தில் விண்ணப்பித்தோம். பயனடைவோர் எண்ணிக்கை 25 என்று உள்ளதைப் போட்டோம். எண்ணிக்கை குறைவு என்று மறுத்துவிட்டார்கள். இதையும் நான் மறைக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் என்னை யாரும் குறை சொல்லவில்லை, ஆனால் "அப்பவே சொன்னோமே" என்று பார்த்த பார்வை இருந்தது. சிறு மானியத்தின் சிக்கல் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. தொகை சிறிது, எதிர்பார்க்கும் கூட்டம் பெரிது. கடன் தொல்லையை வாய்விட்டுச் சொல்ல ஒருவருக்கு நான்கு வாரம் ஆகிறது, அதுவும் பன்னிரண்டு பேர் இருக்கும் அறையில். நூறு பேர் இருக்கும் மண்டபத்தில் அந்த மாமி வாயே திறந்திருக்கமாட்டார்.

ஆகவே என் கோரிக்கை. ஐம்பது ஆண்டாக நம் சங்கம் மானியம் கேட்கும் இடத்தில் இருந்திருக்கிறது. இந்தப் பொன்விழா ஆண்டில் கொடுக்கும் இடத்துக்கும் வரட்டும். ஆண்டுக்கு 1,500 வெள்ளி ஒதுக்குங்கள். 300 வீதம் ஐந்து சிறு குழுக்களுக்கு. ஒரு புளோக்கில் உள்ள ஆறு லாத்தாமார் ஒரு குழு. உணவுக்கடைத் தொழிலாளர்கள் எட்டுப் பேர் ஒரு குழு. அவர்களுக்கு ஓய்வு திங்கட்கிழமை மதியம்தான், வகுப்பு அப்போதே நடக்கட்டும். தேசிய சேவை முடித்து முதல் சம்பளம் வாங்கப்போகும் தம்பிகள் ஒரு குழு. படிவம் ஒரே பக்கம். பாதித் தொகை முன்பணமாக, ஏனென்றால் கையில் காசில்லாதவர்கள்தான் இதைக் கேட்கப்போகிறார்கள். தேநீருக்கும் பிள்ளை பார்ப்பவருக்கும் தாராளமாக அனுமதி. எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். என்ன மாறியது என்று மட்டும் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். ரசீது மட்டும் கட்டாயம். அதில் நான் கண்டிப்பாக இருப்பேன், காரணம் உங்களுக்குத் தெரியும்.

1,500 வெள்ளி எங்கிருந்து வரும் என்று பொருளாளர் கேட்பார். இன்றைய விழாவின் மேடை அலங்காரத்துக்கு எவ்வளவு ஆனது என்று எனக்குத் தெரியும். அழகாகத்தான் இருக்கிறது, குறை சொல்லவில்லை. முதல் ஆண்டுக்கு நான் 300 தருகிறேன். எனக்குக் கடன் கொடுத்த பெரியவருக்குக் கட்டி முடித்த பிறகும் அந்த 300ஐ மாதாமாதம் தனியே எடுத்து வைக்கும் பழக்கம் விட்டுப்போகவில்லை.

நம் வகுப்பு மானியம் இல்லாமலேயே தொடர்கிறது. மாதத்தின் முதல் சனிக்கிழமை, மக்ரிப்புக்குப் பிறகு, சங்கக் கட்டடத்து மாடி அறையில். வாசலில் பெயர் எழுதும் தாள் இருக்கிறது. வரும்போது போன மாதத்து மின்சார பில்லையும் ஒரு பேனாவையும் எடுத்து வாருங்கள். நோட்டு நாங்கள் தருகிறோம், இன்னும் இரண்டு டஜன் மீதியிருக்கிறது.